வளையாத நரம்பு

ஜூன் 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கோழி கிளறின மாதிரி கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் தயவுசெய்து இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு கிழியுங்கள். முதல் பக்கம் வெறும் அரட்டை. விஷயம் பின்னால் வருகிறது.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். என் போன் தலைமை ஆசிரியையின் மேசை டிராயரில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. ஏன் என்பது பெரிய கதை. வீட்டுப் போன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியில் இப்போதெல்லாம் அம்மா எப்போதும் இருக்கிறாள். அதுதான் விஷயம்.

அம்மாவுக்கு ஆறு மாசமாக உடம்பு சரியில்லை. வேலைக்குப் போய் வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிடுகிறாள். எலும்பெல்லாம் வலி. சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். சரி, நான்தான் ஒளித்து வைத்தேன் என்று வழக்கம்போல என்னைத் திட்டினாள். ஜென்மத்தில் முதல்முறையாக நான் செய்யாத குறும்புக்குத் திட்டு! அப்புறம் சிறுநீரகத்தில் கல். அம்மா கல்நெஞ்சக்காரி என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஒரு ஜாண் கீழே தவறிவிட்டது.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் அவ்வளவு. காரணம் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு. அரிசி மணி அளவில் நாலு சுரப்பியாம். இத்தனை வருஷம் யாரும் பாரா தைராய்டு. அதில் வலது பக்கம் கீழே இருப்பது மட்டும் அவரை விதை அளவுக்கு வீங்கி, எலும்பில் இருக்கும் சுண்ணாம்பையெல்லாம் ரத்தத்துக்கு இழுக்கிறதாம். 27ஆம் தேதி ஆபரேஷன். "சின்ன வேலைதான், மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

ஆனால் கையெழுத்துப் போடச் சொன்ன தாளை நான் படித்துவிட்டேன். நாலாவது வரியில் "குரல் மாறலாம் அல்லது இழக்கப்படலாம்" என்று இருந்தது. அம்மா அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பெரியம்மா, அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். அஞ்சு நடைமேடையும் அவள் குரலைக் கேட்டுத்தான் நகர்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "டாக்டருக்குத் தெரியாததா?" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

நீங்கள் நாள் முழுக்க ஸ்கேன் பார்க்கிற டாக்டர். பீரோவில் இருந்த சிடியை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை பாருங்கள். நீங்களும் அம்மாவும் ஏன் ரெண்டு வருஷமாகப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது, அது பெரியவர்கள் சண்டை. நான் நடுநிலை நாடு.

இப்படிக்கு,
வாலு

ஜூன் 5

வாலுக்கு,

கடிதமும் சிடியும் வந்தன. சிடியைத் திறக்கவில்லை.

ஒருவரின் உடம்பை அவர் சம்மதமில்லாமல் பார்ப்பது சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் போவதைப் போன்றது. நீ மகள் என்பதால் அது மாறாது. நான் அக்கா என்பதாலும் மாறாது. அதிலும், உன் அம்மா என்னிடம் கடைசியாகப் போனில் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். "நீ வந்து என்னக்கா செய்யப் போற? இங்க யாரும் உனக்காக ஏங்கல. உன் படம் பாக்கற வேலைய அங்கயே பாத்துக்கிட்டு இரு" என்றாள். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவும் அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு அவள் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் அழைக்கவில்லை.

இந்த அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். பயப்படாதே. சிடியைத் திருப்பி அனுப்புகிறேன், அந்த நகலை உடைத்துப் போட்டுவிடு.

பெரியம்மா

ஜூன் 9

பெரியம்மா,

சிடியை அனுப்பிவிடாதீர்கள். அனுப்பியிருந்தால் தபால்காரர் பின்னாலேயே ஓடிப் பிடியுங்கள்.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் மூன்றில் ஜோக் இருந்தது. நாலாவதில் அழுகை இருந்தது. இதில் ரெண்டும் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அன்றைக்குப் போனில் பேசியது அம்மா இல்லை. நான்.

எனக்கு அம்மா குரல் அப்படியே வரும். பால்காரர், அப்பா, அம்மாவின் நிலைய அதிகாரி எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். போன் பறிபோனதும் அதனால்தான். தலைமை ஆசிரியை குரலில் மைக்கைப் பிடித்து "இன்று அரைநாள் விடுமுறை" என்றேன், ஆறு வகுப்பு வீட்டுக்குப் போய்விட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அன்று அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கூப்பிட்டீர்கள். அப்போது எனக்குப் பதிமூணு வயசு. நீங்கள் "அடிப்பாவி!" என்று கத்துவீர்கள், உடனே "ஏமாந்தீங்களா, நான் வாலு!" என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் கத்தவில்லை. "சரிம்மா" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து "யாருடி போன்ல?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர் ஆயிட்டா, நம்மகிட்டப் பேச நேரமில்ல" என்று அப்பாவிடம் சொல்லும்போது நான் அடுத்த அறையில் கணக்குப் போடுவதாக நடித்தேன். எனக்குக் கணக்கே வராது, உங்களுக்கே தெரியும்.

நடுநிலை நாடு என்று எழுதியது பொய். சண்டையை ஆரம்பித்த நாடே நான்தான்.

என்னைத் திட்டுங்கள். பேசவே வேண்டாம். ஆனால் சிடியைப் பாருங்கள். அம்மா உங்களை வர வேண்டாம் என்று எப்போதுமே சொன்னதில்லை.

(இன்று கையெழுத்து இடத்தில் பட்டப்பெயர் கிடையாது)

ஜூன் 12

வாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. எழுதினால் நல்ல வார்த்தைகளாக இருக்காது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த சிடியைத் திறந்துவிட்டேன். டாக்டராக அது தவறு. நேற்று அக்காவாக என்னால் திறக்காமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கழுத்தை மேலிருந்து கீழாக மெல்லிய துண்டு துண்டாகப் பார்ப்போம், ரொட்டியை நறுக்கி ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்ப்பது போல. வீங்கிய சுரப்பி முதல் நிமிடத்திலேயே கிடைத்தது. அறிக்கையில் சொன்ன அதே இடம். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். "சுரப்பி எங்கே?" என்று கேட்டார்கள், சரியாகக் காட்டியிருக்கிறார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு, யாரும் கேட்காத இடங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். மார்புக்குள் இறங்கினேன். உணவுக் குழாய்க்குப் பின்னால், எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு குறுக்கே போனது.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அது வலது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. எல்லோருக்கும் அது இதயத்தின் பெரிய குழாயிலிருந்து முதல் கிளையோடு பிரிந்து நேராக வலது பக்கம் போகும். உன் அம்மாவுக்குக் கடைசிக் கிளையாக, இடது பக்கம் பிறந்து, முதுகெலும்புக்கும் உணவுக் குழாய்க்கும் நடுவில் நுழைந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வலது கைக்குப் போகிறது. நூறு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி இருப்பதில்லை. இது வியாதி இல்லை. அவள் உண்டானபோதே இப்படி அமைந்துவிட்டது.

நாங்கள் பதினாறு வருஷம் ஒரே படுக்கையில் தூங்கியவர்கள். தூக்கத்தில் அவள் வலது கையை என் மேல்தான் போடுவாள். அந்தக் கைக்கு ரத்தம் இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயசிலிருந்து மாத்திரையை முழுசாக விழுங்க முடியாது என்பாள்; அந்தத் தமனி உணவுக் குழாயைப் பின்னாலிருந்து அழுத்தியிருக்கிறது. "நடிக்கறா" என்று வீடே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்.

இதற்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். கவனமாகப் படி.

குரலை அசைக்கும் நரம்புகள் இரண்டு. வலது பக்கத்து நரம்பு மூளையிலிருந்து வருகிறது. கழுத்திலேயே குரல்வளைக்குள் நுழைந்திருக்கலாம், பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது மார்பு வரை கீழே இறங்கி, வலது கைத் தமனிக்கு அடியில் வளைந்து, மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்குப் போகும். ஏன் இந்த வீண் அலைச்சல்? கருவில் இதயம் முதலில் கழுத்தருகே உண்டாகி, பிறகு மார்புக்குள் இறங்குகிறது. இறங்கும்போது தன் தமனிகளில் மாட்டிய நரம்பையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. நாம் எல்லோரும் பேசுவது அந்தப் பழைய இழுப்பின் வழியாகத்தான்.

உன் அம்மாவின் தமனி அந்த இடத்தில் இல்லை. இழுக்க ஆளில்லாததால் அவள் வலது நரம்பு கீழே இறங்கவே இல்லை. வளையாமல், கழுத்தில் நேராகக் குறுக்கே போகிறது. அறுவை மருத்துவர் வேலை செய்யப்போகும் இடத்துக்கு மிக அருகில். எல்லோருக்கும் போலக் கீழே இருந்து வரும் என்று அவர் அங்கே தேடினால் கிடைக்காது. குறுக்கே ஓடும் நூலைச் சின்ன ரத்தக் குழாய் என்று நினைத்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு.

அந்த நரம்பு ஸ்கேனில் தெரியாது. அவ்வளவு மெலிசு. நான் அதைப் பார்க்கவில்லை, யாராலும் பார்க்க முடியாது. தமனி போகும் தடத்தை வைத்து நரம்பு அங்கேதான் இருக்கும் என்று சொல்கிறேன். இருபத்து நாலு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். புத்தகத்தில் படித்ததை, வேறு ஆட்களிடம் எத்தனையோ முறை பார்த்ததை, என் தங்கையின் கழுத்தில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

27ஆம் தேதிக்கு முன் அவள் டாக்டருக்கு இது தெரிய வேண்டும். அவரிடம் நான் பேசுகிறேன். அதற்கு உன் அம்மா கைப்பட எழுதிய அனுமதி வேண்டும். அதற்கு, படம் என்னிடம் எப்படி வந்தது என்று நீ சொல்ல வேண்டும். ஏன் என்னிடம் திருட்டுத்தனமாக அனுப்ப வேண்டியிருந்தது என்று அவள் கேட்பாள். அதையும் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதில்லை. அனுமதியை நீயே எழுதி அவள் கையெழுத்தைப் போட்டு அனுப்பாதே. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி வரை பொறுப்பேன். அதற்கும் மேல் வரவில்லை என்றால் அனுமதி இல்லாமலே அவரிடம் பேசிவிடுவேன்.

பெரியம்மா

ஜூன் 15

பெரியம்மா,

சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று ஒரு அரை மணி நேரம் நினைத்தேன். அம்மாவின் கையெழுத்தும் எனக்கு வரும். நீங்கள் அதையும் முன்கூட்டியே எழுதியிருந்ததைப் பார்த்து முதுகில் ஸ்கேன் எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அம்மா சமையலறையில் நின்று மாத்திரையைக் கத்தியால் நாலாக வெட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரம் நான் "ஆபரேஷன் ஆரம்பம்" என்று கத்தரிக்கோலை நீட்டுவேன். அன்று உங்கள் கடிதத்தை நீட்டினேன். முதலில் தமனி பக்கத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "நடிக்கறா என்று வீடே சிரித்தது" என்ற வரி வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள், வலது கையை, முன்னும் பின்னும், கடையில் புதுசாக வாங்கின மாதிரி.

"அக்கா எழுதிருக்கா," என்றாள். "எனக்கா எழுதிருக்கா?"

"எனக்கும்மா. உனக்கு எழுதாததுக்குக் காரணமும் நான்தான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். "யாருடி போன்ல" வரைக்கும், "ராங் நம்பர்" வரைக்கும். ஜோக் எதுவும் வரவில்லை, வந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அம்மா கத்துவாள் என்று கதவுப் பக்கமாக நின்றிருந்தேன். கத்தவில்லை. தாள் எடுத்தாள். எழுதினாள். மடித்துக் கொடுத்தாள். மாத்திரையின் நாலு துண்டையும் ஒவ்வொன்றாக விழுங்கினாள். போய்ப் படுத்துவிட்டாள்.

அதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அப்பாவிடம் பேசுகிறாள். பக்கத்து வீட்டில் பேசுகிறாள். நிலையத்துக்குப் போய் நின்று கேட்டேன், மூணாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியைப் பற்றி ஊருக்கே சொல்கிறாள். என்னிடம் தட்டை நகர்த்துகிறாள், அவ்வளவுதான். அந்தத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் மனுப் போடவில்லை.

அவள் எழுதிய தாள் இதில் இருக்கிறது. பிரித்துப் படித்துவிட்டேன், மன்னியுங்கள். "என் படங்களை என் அக்கா பார்க்கலாம். அவள் சொல்வதை டாக்டர் கேட்க வேண்டும்." இரண்டே வரி. கீழே கையெழுத்து. அது அவளுடையதுதான், சத்தியமாக.

ஒன்று கேட்கலாமா? நிலையத்தில் நின்றபோது யோசித்தேன். அவள் சொல்லும் ஒவ்வொரு வண்டியும் அந்த நூல் வழியாகத்தான் வருகிறதா? இத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாமல், குறுக்கு வழியில்?

வாலு

ஜூன் 19

வாலுக்கு,

ஆமாம். வலது பாதி அந்த நூல் வழியாக. இடது பக்கம் மற்றவர்களுக்குப் போலவே வளைந்துதான் வருகிறது. இரண்டும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தால்தான் ஒரு வார்த்தை. ஒன்று நெடுந்தூரம் சுற்றி வருகிறது, ஒன்று குறுக்கே வருகிறது. எப்படிச் சேர்ந்து ஒலிக்கிறது என்று என்னைக் கேட்காதே. அதை நினைத்துக்கொண்டு நேற்று ஒரு அறிக்கையை இரண்டு தடவை எழுதினேன்.

அம்மாவின் டாக்டரிடம் பேசினேன். முதலில் கொஞ்சம் விறைப்பாக, "அறிக்கையில அப்படி எதுவும் இல்லையே மேடம்" என்றார். எந்தத் துண்டில் பார்க்க வேண்டும் என்று எண்ணைச் சொன்னேன். அவர் திரையில் நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. "அடடா," என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "அடடா." நல்ல டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு இரண்டு "அடடா" போதுமாக இருந்தது.

இனி அவர் கீழே தேட மாட்டார். கழுத்தின் மேல் பகுதியிலிருந்து ஆரம்பித்து, குறுக்கே போகும் எதையும் வெட்டும் முன், நரம்பைத் தொட்டால் ஒலிக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார்.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பற்றி. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம் என்று எழுதவும் வரவில்லை. அன்று உனக்குப் பதிமூணு வயசு. எனக்கு நாற்பத்தெட்டு. ஒரு சந்தேகமான நிழலைப் பார்த்தால் இன்னொரு கோணத்தில் படம் எடுக்கச் சொல்கிறவள் நான். யாரோ வேற்று ஆள் அப்படிப் பேசினார் என்றால் நம்பியது சரி. என் தங்கை அப்படிப் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் போன் அடித்தபோது எடுத்திருக்க வேண்டும்.

27ஆம் தேதி எனக்கு இங்கே வேலை. வர முடியாது என்று இல்லை, வர தைரியம் இல்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் செய்யும் வேலை எனக்குத் தெரியாது. நான் எப்போதும் உள்ளே இருட்டில் படம் பார்ப்பவள். போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

பெரியம்மா

ஜூன் 29

அன்புள்ள பெரியம்மா,

நடந்ததில் கடைசிக் கொஞ்சம் உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அதில் நீங்கள் இருந்தீர்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். இந்தப் பக்கத்தையும் ஒரு கோணத்தில் காட்டிவிடுகிறேன்.

காலை எட்டரைக்கு அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி ஒரு நிமிஷம் நின்றது. அப்பாவிடம், "கேஸை மூடினீங்களா?" என்றாள். என்னைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது. அந்தக் குரலில் நான் கேட்கும் கடைசி வார்த்தை "கேஸை மூடினீங்களா" என்பதாக இருந்துவிடுமோ என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். அதுவும் எனக்குச் சொன்னது இல்லை.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றாமலே அப்பாவைத் தாண்டி என்னிடம் வந்தார். "நீதான் சிடி அனுப்பின பொண்ணா?" என்றார். மறுக்கத் தயாராக இருந்தேன், பழக்கம். ஆனால் தலையை ஆட்டினேன்.

"இருந்துச்சும்மா," என்றார். "உங்க பெரியம்மா சொன்ன அதே எடத்துல. நேரா, குறுக்க, வெள்ளை நூல் மாதிரி. இருபது வருஷமா கழுத்தத் திறக்கறேன், மொத தடவ பாக்கறேன். கருவியை வச்சேன், டொக்குனு சத்தம் வந்துச்சு. மயக்க மருந்து டாக்டர், நர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சொல்லலைன்னா அதை நான் ரத்தக் குழாய்னுதான் நெனச்சிருப்பேன்" என்றார்.

சுரப்பியை எடுத்தபின் அங்கேயே ரத்தம் எடுத்துச் சோதித்தார்களாம். பத்தே நிமிஷத்தில் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் அளவு சரசரவென்று இறங்கிவிட்டதாம். அப்பா இருபது தடவை நன்றி சொன்னார். "டாக்டருக்குத் தெரியாததா" என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மா மதியம் கண்ணைத் திறந்தாள். பேசவில்லை. நர்ஸ் வலிக்கிறதா என்றால் தலையை ஆட்டினாள். தண்ணீர் வேண்டுமா, ஆட்டினாள். மூணு மணி, நாலு மணி. என் மேல் கோபத்தில் பேசவில்லையா, இல்லை பேச முடியவில்லையா? பன்னிரண்டு நாளாக அவள் என்னிடம் இருந்த மாதிரியேதான் இப்போதும் இருந்தாள். ரெண்டுக்கும் வெளியே ஒரே படம், பெரியம்மா. உங்கள் வேலை எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

அஞ்சு மணிக்கு டாக்டர் வந்தார். "ஏதாவது பேசுங்கம்மா, குரலைக் கேக்கணும்" என்றார். அம்மா கூரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி," என்றாள்.

கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான். அப்புறம் வந்தது பாருங்கள்!

"ரெண்டு வருஷம்டி! ரெண்டு வருஷம் எங்கக்கா மொகத்தப் பாக்காம இருந்தேன்! அவ பிறந்த நாளுக்கு எழுதின வாழ்த்த நானே கிழிச்சுப் போட்டேன்! உனக்கு வெளையாட என் தொண்டைதான் கெடச்சுதா? ராங் நம்பராம்! உன் வாயில இருக்கறது நாக்கா, திருட்டுச் சாவியா?"

அஞ்சு நடைமேடைக்கும் கேட்கும் குரல். பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "போதும்மா, தெரிஞ்சுபோச்சு, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"நீங்க இருங்க டாக்டர், இன்னும் இருக்கு," என்றாள் அம்மா.

நான் அழுதேன். திட்டுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். "திட்டும்மா, இன்னும் திட்டு" என்றேன். அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை, அவளும் அழுதாள். வலது கையை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினாள். திருகிவிட்டு விடவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு சுற்றி வந்த ரத்தம் அது என்று எனக்குத் தெரியும். அசையாமல் நின்றேன்.

அப்புறம் அப்பாவிடம் போனை வாங்கினாள். நம்பரை மனப்பாடமாக அடித்தாள். முதல் மணியிலேயே நீங்கள் எடுத்தீர்கள். அம்மா "அக்கா" என்றாள்.

அதற்கு மேல் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். இந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி படுத்திருந்தாள். உங்கள் பக்கத்திலிருந்தும் சத்தமில்லை. ரெண்டு பேரும் அப்படியே இருந்தீர்கள், ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் பயந்துவிட்டார்.

"ஏம்மா, அம்மாவுக்குக் குரல் வரலையா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"வரும் அக்கா," என்றேன். "ரெண்டு பக்கமும் இருந்து வரணும். கொஞ்சம் நேரமாகும்."

வாலு